வளவுச் சுவரில் சிமெண்ட்டை உரித்துச் சுண்ணாம்பு பூசிய விவரம்

எங்கள் வீட்டு வளவின் (நடுமுற்றமும் அதைச் சுற்றி அறைகளும் உள்ள பகுதி) தெற்குச் சுவர் ஒரு மழைக்காலத்தை முழுசாகத் தாண்டிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழை அடித்து ஓய்ந்த பிறகும் பூச்சில் உப்புப் பூக்கவில்லை, கையால் தடவினால் மாவு ஒட்டவில்லை. செட்டிநாட்டுப் பக்கம் இதே மாதிரி சுவர் பொரிந்து உதிரும் வீடுகள் நிறைய இருப்பதால், செய்ததை அளவோடும் கணக்கோடும் எழுதிவைக்கிறேன். வேலை நடந்த இடம் பெரிதில்லை. இரண்டு அறைக் கதவுகளுக்கு நடுவே 11 அடி நீளம், தரையிலிருந்து 4 அடி உயரம், ஆக 44 சதுர அடி.

வீடு காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. 1920களில் பர்மாவில் கொண்டுவிற்ற (தொழில் செய்த) காசில் கட்டியது. இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகள் போலவே ஒரு தெருவில் முகப்பு, மறு தெருவில் பின்வாசல். முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்கதவு நேர்கோட்டில் தெரியும். தூண்களுக்குப் பர்மாத் தேக்கு, தரைக்கு ஆத்தங்குடிக் கல், முகப்புக்கு இத்தாலிச் சலவைக்கல் என்று எல்லோரும் சொல்லும் பட்டியல் எங்கள் வீட்டுக்கும் பொருந்தும். ஆனால் என்னைக் கேட்டால் இந்த வீடுகளின் உண்மையான சொத்து சுவர்ப் பூச்சுதான். கப்பலில் வந்த தேக்கையும் கண்ணாடியையும் காசு கொடுத்தால் யாரும் வாங்கியிருக்கலாம். பூச்சை இங்கேயே சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டையும் கொண்டு இந்த ஊர்க் கொத்தனார்கள் இழைத்தார்கள். 100 வருஷமாக வர்ணம் காட்டாமலே முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும் சுவர் எங்கள் மேல்தளத்தில் இன்றும் இருக்கிறது.

1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் பல குடும்பங்களின் தொழில் போயிற்று. அப்புறம் பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), பொங்கல் என்றால் மட்டும் வீடு திறக்கும். வீடு ஒருவர் பெயரில் இருக்காது, புள்ளிக்கு (கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு) ஓர் அறை என்று பங்காளிகள் எல்லோருக்கும் பாத்தியம் உண்டு. எங்கள் வீட்டில் 9 புள்ளி. ஓர் ஓட்டை மாற்றக்கூட ஒன்பது வீட்டுக்கும் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். அதற்குள் தேக்கு உளுத்துவிடும். சம்மதம் கிடைக்காமலே விழுந்த வீடுகளின் தூணும் கதவும்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அது பெருமைதான். ஆனால் பட்டியலில் பேர் ஏறிவிட்டால் மட்டும் ஒரு தனி வீட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிடாது. சுவரை வீட்டுக்காரர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, சுவருக்கு வருகிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக, பொரிந்திருந்த கீழ்ப்பகுதியைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அன்றைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஈரம் சிமெண்ட்டைத் தாண்டி வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறியது. சிமெண்ட் முடிந்த இடத்துக்கு மேலே இருந்த நல்ல பழைய பூச்சு வரிசையாக உப்புப் பூத்து உதிர ஆரம்பித்தது. ஒவ்வொரு மழைக்கும் ஒரு சாண் உயரம் கூடப் போனது.

வேலைக்கு வந்த கொத்தனார் அறுபதைத் தாண்டியவர். சின்ன வயதில் அவர் அப்பாவோடு கோயில் திருப்பணிகளில் சுண்ணாம்பு வேலை பார்த்தவர். அவர் சுவரைத் தொடவே இல்லை. “ஆச்சி, சுவத்துக்கு வைத்தியம் கடைசியில. தண்ணி எங்க நிக்குதுன்னு மொதல்ல பாப்போம்” என்றார்.

வளவின் நடுமுற்றத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த முற்றங்கள் சும்மா திறந்துவிட்ட இடங்கள் இல்லை. நான்கு பக்கக் கூரைத் தண்ணீரும் கூடுவாய் (இரண்டு கூரை சேரும் மூலை) வழியாக இங்கே விழுந்து, கருங்கல் தளத்தின் வாட்டத்தில் ஓடி, ஜலதாரையில் இறங்கி, தெருவுக்குப் போய் ஊருணியில் சேர்வதற்காகக் கட்டியவை. எங்கள் முற்றத்தில் தண்ணீர் ஜலதாரைக்குப் போகாமல் தெற்குப் பத்தியின் (தாழ்வாரத்தின்) ஓரத்தில் போய்த் தேங்கியது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால், பின்னாளில் கல் இடுக்குகளில் பூசிய சிமெண்ட் ஜலதாரை வாயில் முக்கால் அங்குலம் மேடாக இருந்தது. உள்ளே கையை விட்டால் களிமண்ணும் உடைந்த ஓட்டுத் துண்டும் வேரும். மேலே கூடுவாயில் நாலைந்து நாட்டு ஓடு உடைந்து, மழைத் தண்ணீர் சுவர்த் தலையில் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. கீழிருந்தும் மேலிருந்தும் தண்ணீர் குடிக்கிற சுவருக்கு எந்தப் பூச்சும் நிற்காது.

ஓடுகளை மாற்றினோம். ஜலதாரையைத் தோண்டி, மூங்கில் கழி விட்டுத் தெரு முனை வரை குத்தித் திறந்தோம். மேட்டுச் சிமெண்ட்டைக் கொத்தி எடுத்து, கல் இடுக்கைச் சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்து அடைத்தோம். மறுபடி ஒரு வாளி ஊற்றினால் நேராக ஜலதாரைக்கு ஓடியது. செலவில் இது சிறிய பங்கு, பலனில் பெரிய பங்கு.

அடுத்தது சிமெண்ட்டை உரிப்பது. இதற்கு இயந்திரம் வேண்டாம் என்று முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று. டிரில்லின் அதிர்வு பக்கத்துப் பழைய பூச்சையும் செங்கல்லிலிருந்து பிரித்துவிடும். தட்டை உளியும் முக்கால் கிலோ சுத்தியலும் போதும். உளியைச் சுவருக்குச் சாய்வாக, ஓரத்திலிருந்து உள்ளே கொடுக்க வேண்டும். உள்ளே செங்கல்லின் முகம் ஈரத்தில் ஊறி, விரலால் வழித்தாலே பொடியாக வந்தது. கீழே முதல் இரண்டு வரிசை செம்புறாங்கல். அது மட்டும் அப்படியே கெட்டியாக இருந்தது. உதிர்ந்ததை எல்லாம் தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளிவிட்டு, சுவரை ஒரு கோடை முழுக்கத் திறந்தே விட்டோம். வெளியே வந்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும் துடைத்தோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

மேலே நின்ற பழைய பூச்சை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போய், பொக்கையாகச் சத்தம் கேட்ட இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டோம். பூச்சு பிரிந்திருந்தாலும் விழாத இடங்களை இடிக்க மனசு வரவில்லை. 4 மில்லிமீட்டர் துளை போட்டு, முதலில் தண்ணீர், பிறகு மெல்லிய துணியில் வடிகட்டிய சுண்ணாம்புப் பாலில் நுண்ணிய செங்கற்பொடி கலந்து 50 மில்லி சிரிஞ்சால் உள்ளே ஏற்றினோம். ஒரு பலகையைத் துணி சுற்றி அழுத்தி, முட்டுக் கொடுத்து விட்டோம். பெரும்பாலான இடம் பிடித்துக்கொண்டது. ஓர் உள்ளங்கை அகலம் மட்டும் பிடிக்காமல் விழுந்தது.

விழுந்த அந்தத் துண்டு ஒரு பாடப்புத்தகம். உடைந்த விளிம்பை ஈரத்துணியால் துடைத்து வெயிலில் பிடித்தால் அடுக்கடுக்காகத் தெரிகிறது. செங்கல்லை ஒட்டி அரை அங்குலத்துக்குச் சிவந்த, கரடான அடுக்கு. அதில் மிளகளவு செங்கல் நறுக்குகள். அதன் மேல் சாம்பல் வெள்ளையில் பொடி மணல் அடுக்கு. அதன் மேல் மணலே கண்ணுக்குத் தெரியாத வெள்ளை. கடைசியாக நகத்தின் தடிமன்கூட இல்லாத, கண்ணாடி போல முறிகிற தோல். எந்த அடுக்குக்கும் நடுவே பிரிகோடு இல்லை. கீழே உள்ளது முழுக்கக் காயும் முன்பே மேலே உள்ளதைப் பூசியிருக்கிறார்கள் என்று கொத்தனார் அதைப் பார்த்துத்தான் சொன்னார். எங்கள் பூச்சின் அளவுகளை அந்தத் துண்டிலிருந்தே எடுத்தோம்.

பின்கட்டுச் சுவர் ஒன்றில் ஓர் அடிக்கு ஓர் அடியாக மூன்று மாதிரிக் கட்டம் பூசிப் பார்த்தோம். முதல் கட்டம் கடையில் மூட்டையாகக் கிடைக்கும் சுண்ணாம்புப் பொடியும் எம்-சாண்டும். இரண்டாவது கல் சுண்ணாம்பை நாங்களே நீற்றி, சலித்த ஆற்று மணலோடு. மூன்றாவது கிளிஞ்சல் சுண்ணாம்பு, ஆற்று மணல், செங்கற்பொடி, கடுக்காய்த் தண்ணீர். ஒரு மாதம் கழித்து முதல் கட்டத்தைத் தேய்த்தால் கை வெள்ளையானது. இரண்டாவது கெட்டி, ஆனால் மயிரிழை வெடிப்பு. மூன்றாவது தட்டினால் கணீரென்று இருந்தது, வெடிப்பும் இல்லை. முதல் கட்டத்தில் சுண்ணாம்பு, மணல் இரண்டும் ஒன்றாக மாறியதால் கோளாறு எதிலென்று பிரித்துச் சொல்ல முடியாது. இனி மாதிரி பூசினால் ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும்தான் மாற்றுவேன்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு நீற்றாமல் 40 கிலோ வாங்கினோம். நீற்றுவதற்குப் பழைய இரும்பு டிரம். தண்ணீரை முதலில் ஊற்றி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி, ரப்பர் கையுறை, பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர், இந்த மூன்றும் இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது, பிள்ளைகளைப் பக்கத்தில் விடவும் கூடாது. கொதி அடங்கியதும் கம்பி வலையில் வடிகட்டினோம். நீறாத கட்டிகள் உள்ளே தங்கிவிட்டால் பூசிய பிறகு சுவரில் ஈரம் இழுத்துப் பொத்துப் பொத்தாக வெடிக்கும். வடிகட்டியதை ஒரு விரற்கடை தண்ணீர் மேலே நிற்க, மூடி, ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஊறவிட்டோம். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு இழைவு.

கடுக்காயை இடித்து, 20 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ கடுக்காய், அரைக் கிலோ கருப்பட்டி என்று மண்பானையில் போட்டு வைத்தோம். இரண்டாம் நாளே நுரைத்து, புளித்த வாடை வீடெங்கும் வரும். அது நல்ல அடையாளம். ஒரு வாரத்தில் வடிகட்டி, சாந்து குழைக்கத் தண்ணீருக்குப் பதில் இதையே விட்டோம். செங்கற்பொடிக்குப் பின்கட்டில் கிடந்த பழைய, அரைவேக்காட்டுச் செங்கல்லை இடித்தோம். நன்றாக வெந்த புதுச் செங்கல்லின் பொடி சுண்ணாம்போடு இந்த அளவுக்குப் பிடிப்பதில்லை.

முதல் பூச்சு: 1 பங்கு சுண்ணாம்பு, 2 பங்கு மணல், 1 பங்கு செங்கற்பொடி. தடிமன் 12 மில்லிமீட்டர். பூசுவதற்கு முந்தின நாளிலிருந்தே சுவருக்குத் தண்ணீர் காட்டி, குழி விழுந்த இடங்களை ஓட்டுச் சில்லு வைத்துத் தனியாக நிரப்பிக்கொண்டோம். கரண்டியால் அடித்துப் பூசி, மணியாசுப் பலகையால் தேய்த்து, அடுத்த பூச்சு பிடிக்கக் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டோம். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுக் காலை மாலை தண்ணீர் தெளித்தோம். சுண்ணாம்புக்குச் சிமெண்ட் மாதிரி அவசரம் கிடையாது, காற்றிலிருந்து மெல்ல மெல்லத்தான் இறுகும். வெயிலில் சட்டென்று உலர்ந்தால் இறுகாமல் மாவாகிவிடும்.

எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்குமே பீனால்ப்தலீன், அதையே வாங்கினேன். ஓரத்தில் சிறு சில்லு பெயர்த்து ஒரு சொட்டு விட்டால், இறுகிய பகுதி நிறம் மாறாது, இறுகாத பகுதி ரோஸ் நிறமாகும். மூன்று வாரம் போன பிறகும் மேல் தோல் 2 மில்லிமீட்டர் மட்டும் வெள்ளையாக நிற்க, உள்ளே பளிச்சென்று ரோஸ். தடிமனான பூச்சு எவ்வளவு மெதுவாக இறுகுகிறது என்பது அதைக் கண்ணால் பார்த்தால்தான் மனசில் ஏறும். அதற்குப் பிறகு 8 மில்லிமீட்டர் என்று நினைத்திருந்த இரண்டாம் பூச்சை 6 ஆகக் குறைத்தோம்.

இரண்டாம் பூச்சில் மணலைப் பொடியாகச் சலித்துக்கொண்டதைத் தவிர வித்தியாசம் இல்லை. மூன்றாவது 3 மில்லிமீட்டர், சரிபாதி சுண்ணாம்பும் மாவு மாதிரிச் சலித்த மணலும். கடைசிப் பூச்சுக்கு வருவோம், இந்த வேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

சுண்ணாம்பை நல்ல வெள்ளைத் துணியில் வடித்து, சலவைக்கல் பொடி சேர்த்து, பழைய கிரைண்டரில் வெண்ணெய்ப் பதம் வரும்வரை ஆட்டினோம். அம்மியில் அரைத்த காலத்தில் இதற்கென்றே தனியாக ஆட்கள் இருந்தார்கள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தால் துளி நறநறப்பு இருக்கக்கூடாது. 6 லிட்டர் விழுதுக்கு 15 முட்டையின் வெள்ளைக்கரு. மஞ்சள் ஒரு சொட்டுக்கூட விழாமல் பிரித்து, துணியில் வடிகட்டி, பூசப்போகும் நேரத்தில் மட்டும் கலந்தோம். கலந்து வைத்தால் நாற்றமெடுத்துவிடும்.

மூன்றாம் பூச்சு எந்தப் பதத்தில் இருக்கும்போது இதைப் போடுவது என்பதில்தான் கொத்தனாரின் கை இருக்கிறது. “நகம் பதியணும், விரல் பதியக்கூடாது” என்று சொல்லி, மணிக்கொரு தரம் சுவரைத் தொட்டுப் பார்த்தபடி இருந்தார். சாயங்காலம் போல ஒரு தடவை தொட்டுவிட்டுச் சட்டியை எடுத்தார். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், கரண்டியை ஏறக்குறையப் படுக்கவைத்து இழுத்தார். 11 அடியும் ஒரே மூச்சில் முடிய வேண்டும். நடுவில் நிறுத்தினால் ஒட்டு தெரியும். பிறகு கூழாங்கல். முட்டையளவு, ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்த வழவழப்பான கல். கல்லில் விழுது ஒட்டாத நேரம் பார்த்து, சின்னச் சின்ன வட்டமாக அழுத்தி இழைக்க ஆரம்பித்தார். அவர் ஒரு முனை, அவர் மருமகன் மறுமுனை. முதலில் மங்கலான வெள்ளை, பிறகு ஈரப் பளபளப்பு. ராத்திரி விளக்கு போட்டுக்கொண்டுதான் முடித்தோம். எனக்கும் ஒரு கல் கொடுத்தார்கள். அரை மணியில் தோள்பட்டை விட்டுப்போனது. எதிர்க் கதவின் பித்தளைக் குமிழ் சுவரில் ஒரு மஞ்சள் கறையாகத் தெரிய ஆரம்பித்ததைப் பார்த்த பிறகு கல்லைக் கீழே வைக்கவும் மனசில்லை.

மறுநாளிலிருந்து சுவர் வியர்க்கும். முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். பழைய மல் வேட்டித் துணியால் அதை ஒற்றி ஒற்றித் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் வழிந்த இடம் தாரையாகக் கறைபடும். கீழ் மூலையில் ஒரு ராத்திரி விட்டுப்போன தாரை ஒன்று இப்போதும் இருக்கிறது. வியர்ப்பது நின்றதும் மாக்கல் பொடியைத் துணிப் பொட்டலமாகக் கட்டி, தட்டித் தேய்த்து முடித்தோம்.

கணக்கு: சுண்ணாம்பு ₹900, கடுக்காயும் கருப்பட்டியும் ₹1,100, முட்டை ₹105, சலவைக்கல் பொடி, மாக்கல் பொடி, சிரிஞ்சு, பீனால்ப்தலீன் எல்லாம் சேர்த்து ₹850. நாட்டு ஓடு பிரித்த வீட்டிலிருந்து ₹600க்கு வாங்கினோம். மணல் பின்கட்டில் பழைய குவியல் இருந்ததால் செலவில்லை. கொத்தனார், நிமிந்தாள், சித்தாள் கூலி ₹21,500. ஆக ₹25,055. பொருளுக்கு ஆன செலவு கொஞ்சம்தான், முழுக்க ஆள்கூலி. இதே 44 சதுர அடியைச் சிமெண்ட்டும் பட்டியும் (putty) வைத்து இதில் கால்வாசிக்கு முடித்திருக்கலாம். பங்காளிகள் சிலர் அதைக் கேட்கவும் செய்தார்கள். அவர்களைச் சுவர் முன்னால் நிறுத்தி, கீழே சிமெண்ட் இருந்த உயரத்தையும் அதற்கு மேல் பழைய பூச்சு எவ்வளவு தூரம் செத்துப்போயிருந்தது என்பதையும் படத்தில் காட்டினேன். ஒன்பது புள்ளியும் பங்கு கொடுத்தார்கள்.

குறை ஒன்று உண்டு. புதுப் பூச்சும் பழைய பூச்சும் சேரும் இடத்தில் மூன்றடி நீளத்துக்கு மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது. பழைய பூச்சின் விளிம்பை நேராக வெட்டி நிறுத்தியதுதான் காரணம் என்பது கொத்தனாரின் கணிப்பு. எதிர்ச் சுவரில் விளிம்பை உள்பக்கமாகச் சாய்த்து, அடுக்குக்கு அடுக்கு ஓர் அங்குலம் தள்ளி வெட்டப்போகிறோம். பூச்சையும் பங்குனியில் இழுத்துக்கொண்டு போகாமல், மார்கழி ஈரக்காற்றில் ஆரம்பித்துத் தை கடைசிக்குள் கல் இழைப்பு முடிகிற மாதிரி வைத்திருக்கிறோம். அதற்கான சுண்ணாம்பு இப்போதே டிரம்மில் ஊறுகிறது. மேலே நிற்கும் தண்ணீர் வற்றாமல் வாரம் ஒரு முறை பார்த்து ஊற்றச் சொல்லி வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சொல்லியிருக்கிறேன்.